முறைத்துணி

ஜன்னல் ஓரத்தை விட்டுக் குடுத்தீங்களே, நல்லா இருப்பீங்க அக்கா. இவளுக்குக் காத்து நின்னா அழுகை வந்துரும். ராமநாதபுரம் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து நானும் பாக்கிறேன், நீங்க எம்புள்ளை மூஞ்சியைப் பாக்கல, அவ மேல சுத்தியிருக்கிற துணியைத்தான் பாக்கிறீங்க. கிளிப்பச்சையில மஞ்சக்கரை போட்டு நல்ல துணியாத்தான் இருக்கு, ஒரு ஓரம் பூராம் நூல் தொங்குதேன்னுதானே? கிழிச்சதுதான். நான்தான் கிழிச்சேன்.

நான் வாயாடி கிடையாதுக்கா. குழுக் கூட்டத்துல பேரு கூப்பிட்டாக்கூட கையை மட்டும் தூக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஆனா மதுரைக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் கிடக்கு. யார்கிட்டயாச்சும் சொல்லிரணும்போல இருக்கு. நீங்க தெரியாதவுக. மாட்டுத்தாவணியில இறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எங்க வீட்டுக்காரவுக மதுரையில இருக்காக. வேலைக்கில்ல. கேசு. ஜாமீன்ல விட்டுட்டாக, ஆனா ஊருக்குள்ள கால் வைக்கக்கூடாது, மதுரையில தங்கி தெனம் காலையில பத்தரை மணிக்கு ஒரு போலீஸ் ஸ்டேசன்ல கையெழுத்துப் போடணும். அதுகூடப் பரவாயில்ல. அதே ஸ்டேசன்ல, அதே பத்தரை மணிக்கு, அதே நோட்டுல இன்னொருத்தியும் வந்து நிக்கிறா. ராக்காயி. களிமுனை ராக்காயி. இன்னியோட பதினேழு நாளு. பதினேழு நாளும் அவுக பேரும் அவ பேரும் பக்கத்துப் பக்கத்துல.

அதைப் பாத்துட்டு வரத்தான் போறேன். சண்டைக்குப் போகல. சும்மா எதுத்தாப்புல ஒரு டீக்கடையில நின்னு பாத்துட்டு வந்துருவேன்.

எங்க ஊரு தோப்புவலசை. பக்கத்து ஊரு களிமுனை. நடுவுல ஒரு ஓடை, அதுமேல ஒரு பாலம், அம்புட்டுத்தான் தூரம். பள்ளிக்கூடம் எங்க ஊர்ல, குடிதண்ணிக் கிணறு அவங்க ஊர்ல. ரெண்டு ஊர்லயும் பொம்பளைங்களுக்குப் பாசி எடுக்கிற வேலை. கடல்பாசி அக்கா. ஐஸ்கிரீம்ல போடுறாங்களாம், மருந்துல போடுறாங்களாம், எனக்குத் தெரியாது. நாங்க எடுத்துக் காயவச்சு ஷெட்டுல போடுவோம், லாரி வந்து அள்ளிட்டுப் போகும்.

கடலுக்குள்ள கல்லுப்பாறை இருக்கும்ல, அதைப் பார்னு சொல்லுவோம். அதுலதான் பாசி மொளைக்கும். மாசத்துல பன்னண்டு நாள்தான் போவோம், அமாவாசைக்கு ஆறு, பவுர்ணமிக்கு ஆறு. மத்த நாள் பாசி வளரட்டும்னு விட்டுருவோம். வத்தைன்னா சின்னப் படகு, ஆம்பளைங்க அதை ஓட்டுவாங்க, நாங்க கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல சட்டை போட்டு, பத்து விரல்லயும் துணி சுத்திக்கிட்டு முங்குவோம். துணி சுத்தலைன்னா கல்லு விரலைக் கிழிச்சிரும். பழைய சேலையைக் கிழிச்சுத்தான் சுத்துவோம்.

எனக்குக் கிழிச்சுக் குடுக்கிறது அவுக வேலை. கல்யாணம் ஆன மறுவாரத்துல இருந்து. காலையில வத்தையில உக்காந்து ஒவ்வொரு விரலா அவுகதான் சுத்தி விடுவாக. வேற பொம்பளைங்க கேலி பண்ணுவாக. "என்ன நம்புராஜா, பொண்டாட்டிக்கு மோதிரம் போடுறியா?"ன்னு. பாருங்க, பேச்சுவாக்குல அவுக பேரைச் சொல்லிட்டேன். கேலி பண்ணா அவுக சிரிக்கமாட்டாக, அடுத்த விரலை எடுப்பாக. நான் முங்கி எந்திரிச்சா, "என்னா மூச்சு புள்ள உனக்கு"ம்பாக. அது ஒண்ணுக்காகவே இன்னும் கொஞ்சம் உள்ள இருப்பேன். நெஞ்சு எரியும், இருப்பேன்.

அப்புறம் கடல் சுட ஆரம்பிச்சுச்சு.

நிசமாத்தான் அக்கா. மூணு வருசமா சித்திரை வைகாசியில தண்ணிக்குள்ள கால் வச்சா குளிக்க வச்ச வெந்நி மாதிரி இருக்கு. பார் எல்லாம் வெளுத்துப்போச்சு. நல்லா செவப்பும் பச்சையுமா இருந்த கல்லு, செத்த எலும்பு மாதிரி ஆயிருச்சு. பாசி கையில எடுத்தா சளியாட்டம் ஒழுகுது. காலேஜ்ல இருந்து படிச்ச புள்ளைங்க வந்து தண்ணிக்குள்ள குழாயை விட்டுப் பாத்தாங்க. ரெண்டு டிகிரி ஏறியிருக்கு, உலகம் பூராம் இப்பிடித்தான்னு சொன்னாங்க. ரெண்டு டிகிரின்னா எம்புட்டுன்னு கேட்டேன், காய்ச்சல் அடிக்கிற புள்ளையத் தொட்டுப் பாத்தா எப்பிடி இருக்கும், அம்புட்டுன்னுச்சு ஒரு பொண்ணு. இப்பக்கூட நெனச்சுக்கிறேன், அந்த ரெண்டு டிகிரிக்கா ரெண்டு ஊரு மண்டையை உடைச்சுக்கிட்டோம்னு.

மீனும் கரையை விட்டு ஆழத்துக்குப் போயிருச்சு. பின்னாடியே போன ஆம்பளைங்க எல்லையைத் தாண்டிட்டாங்கன்னு அந்தப் பக்கத்து நாட்டுக்காரங்க புடிச்சிக்கிட்டாங்க. எங்க ஊர்ல மூணு படகு போச்சு, ஆளு மட்டும் திரும்பி வந்தாக. வந்தவுக என்ன பண்ணுவாக? அவுகளும் பாசிக்கு வந்துட்டாக. கரைப்பக்கத்துப் பார் எல்லாம் செத்துப்போச்சு, ஆளு மட்டும் ரெட்டிப்பு. ரெண்டு ஊருக்கும் பொதுவா நடுப்பார்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு ஆள் ஆழம், அடியில குளுந்த நீரோட்டம். அங்க மட்டும்தான் பாசி தப்பிப் பொழைச்சுக் கெடந்துச்சு. அப்பக் கேக்கணுமா? நங்கூரக் கயித்தை அறுக்கிறது, கல்லெறியிறது, துடுப்பை ஓங்குறது. எல்லாம் நடந்துச்சு.

அந்த நேரம் பாத்து நான் மாசமா இருந்தேன். ஏழாம் மாசம் வளைகாப்புக்கு இந்தச் சேலை எடுத்தாக. அவுகளே பரமக்குடி வந்து எடுத்தது. எங்க ஊர்லயும் இல்ல, களிமுனையிலயும் இல்ல இந்தக் கலர். வளைகாப்பு முடிஞ்சு பெட்டிச் சாவியை அவுககிட்டக் குடுத்துட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். புள்ளை பொறந்து அஞ்சாம் மாசம்தான் திரும்பி வந்தேன்.

வந்து சாவியை வாங்கிப் பெட்டியைத் திறக்கிறேன், சேலை முந்தியில ஒரு முழம் இல்ல.

"என்னங்க இது?"ன்னேன்.

"ஒரு காரியத்துக்குக் கிழிச்சேன்"னாக.

"என் வளைகாப்புச் சேலையையா?"

"பெறகு சொல்றேன் புள்ள. அலுப்பா வந்திருக்கேன்."

அவுக எப்பவும் அப்பிடித்தான், பேச்சைச் செலவழிக்கமாட்டாக. நானும் விட்டேன். நாலு நாள் கழிச்சு பாசி ஷெட்டுக்குப் போறேன், புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. அங்க களிமுனைப் பொம்பளைங்களும் வந்திருந்தாக. நடுவுல ஒருத்தி மூட்டைமேல உக்காந்து அதிகாரம் பண்ணிக்கிட்டு இருக்கா. அவ மணிக்கட்டுல என் சேலை.

அதேதான் அக்கா. மஞ்சக்கரையோட, மூணு சுத்து சுத்தி, முடிச்சுப் போட்டு. விரல்துணி மாதிரி.

அவ என்னயப் பாத்துச் சிரிக்கிறா. "நீதான் நம்புராஜன் வீட்டுக்காரியா? வா தாயி. என்ன இது, பச்சைப் புள்ளைக்காரி இப்பிடி ஓணான் மாதிரி இருக்க? பால்சுறாவைப் புட்டு வச்சுத் தின்னு. பால் தன்னால ஊறும். நான் தம்பிகிட்டக் குடுத்து விடுறேன்"ங்கிறா.

என் பால் ஊறுனா என்ன, ஊறாட்டி இவளுக்கு என்ன? மறுநாள் சொன்னமாதிரியே பால்சுறா வந்துச்சு. அவுகதான் பையில கொண்டுட்டு வந்தாக. "ராக்காயி அக்கா குடுத்துச்சு"ன்னு. சமைச்சேன், தின்னேன். மீனு என்ன பாவம் பண்ணுச்சு. பால் ஊறத்தான் செஞ்சுச்சு. அதுக்காக?

அவளுக்கு வயசா? நாப்பத்தஞ்சு, நாப்பத்தெட்டு இருக்கும். முன்பல்லு ஒண்ணு இல்ல. ஆம்பளை மாதிரி தோளு. புருசன் செத்து பத்து வருசம். ஏன் சிரிக்கிறீங்க? வயசு ஒரு காரணமா? அவுக அக்கான்னு கூப்பிடுறாகளேங்கிறீங்க. நானும் உங்களை அக்காங்கிறேன், அதுக்காக நாம கூடப்பொறந்தவுகளா?

எங்க ஊர் அங்கம்மா மதினிதான் சொன்னாக, அது முறைத்துணியாம். நான் அம்மா வீட்டுல இருந்தப்ப ரெண்டு ஊருக்கும் கடல்ல வெட்டுக்குத்து ஆகுற மாதிரி இருந்திருக்கு. அப்ப எங்க வத்தையும் அவ வத்தையும் ஒண்ணுக்கொண்ணு கட்டிப் போட்டு, அவுகளும் அவளும் பேசி முறை வச்சிருக்காக. அமாவாசை ஆறு நாளு தோப்புவலசைக்கு, பவுர்ணமி ஆறு நாளு களிமுனைக்கு. யாரு முறையோ அவுக முன்வத்தையில இந்தத் துணி பறக்கணும். துணி இருக்கிற ஊரு வத்தைங்கதான் நடுப்பார்ல நிக்கலாம். ஆறாம் நாள் சாயங்காலம் நடுக்கடல்ல துணியைக் கைமாத்தணும். வாய்ப்பேச்சை ரெண்டு ஊரும் நம்பல, ஆனா துணியை நம்புச்சு. ஆறு மாசமா ஒரு கல்லு விழல, ஒரு கயிறு அறுபடல.

நான் அவுககிட்டக் கேட்டேன். "முறைத்துணின்னா சரி. ஊர்ல வேற சேலையே இல்லியா?"

"இந்தக் கலர் ரெண்டு ஊர்லயும் யார்கிட்டயும் இல்ல புள்ள. எவனும் கள்ளத்துணி கட்ட முடியாது. மிச்சச் சேலை நம்ம பெட்டியில பத்திரமா இருக்கு. சாவி உங்கிட்ட இருக்கு. அதை விட வேற என்ன வேணும்?"

எப்பிடிப் பேசுறாக பாத்தீங்களா. வேற யாராச்சும் கேட்டா நல்ல காரணம்னுதான் சொல்லுவாக. நானும் அப்ப சரின்னுட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரிச் சோறு போடுறப்ப, நான் கேக்காமலே சொல்றாக: "அந்த அக்காவுக்கு என்னா மூச்சுங்கிற. இந்த வயசுல ரெண்டு ஆள் ஆழம் முங்கி, அடி கல்லைத் தொட்டுட்டு வருது."

என்னா மூச்சு.

அக்கா, நான் கரையில உக்காந்து ஒரு வருசம் ஆச்சு. வயித்துல இருந்தப்ப ஏழு மாசம், இப்ப மடியில. என் விரல்ல துணி சுத்தி ஒரு வருசம் ஆச்சு. என் மூச்சைப் பத்தி அந்த வீட்டுல யாரும் பேசல. அடுப்பு ஊதத்தான் அந்த மூச்சு. சோத்துச் சட்டியை அப்பிடியே வச்சிட்டுப் புள்ளையைத் தூக்கிட்டு வெளிய போயிட்டேன். புள்ளை அழுகுதுன்னு அவுக நெனச்சாக. புள்ளை தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

அந்தப் பவுர்ணமிக்கு அவுக என்ஜின் சாமான் வாங்க தூத்துக்குடி போயிருந்தாக. களிமுனை முறை. அதிகாலையில நான் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து, பல்லால கடிச்சு நறுக்கு நறுக்குன்னு பதினோரு துண்டு கிழிச்சேன். எங்க ஊர் வத்தை பதினொண்ணு. கரைக்குப் போயி வத்தைக்கு ஒண்ணா குடுத்தேன்.

"என்னடி இது?"ன்னாக அங்கம்மா மதினி.

"முறை மாறியிருக்கு. அவுக கட்டச் சொல்லிட்டுப் போனாக."

"நம்புராஜனா?"

"ஆமா."

நான் ஊர்ல பொய் சொன்னதே இல்ல. நான் பேசுறதே இல்லியே, எப்பப் பொய் சொல்ல. அதனால எல்லாரும் நம்பிட்டாக. அவுக பேரைச் சொன்னா களிமுனையே நம்பும், தோப்புவலசை நம்பாதா. ரெண்டு வாரமா அடுப்பு சரியா எரியாத வீடுங்க. துணியைக் கட்டிக்கிட்டுச் சிட்டாப் பறந்துட்டாக.

நான் சண்டைக்கா கட்டுனேன்? சத்தியமா இல்ல. அவ வத்தையில மட்டும் ஒத்தையாப் பறக்குதுல, பெரிய ராணி மாதிரி, அது ஒண்ணும் பெருசில்லன்னு ஆக்கணும். இது நம்புராஜன் பொண்டாட்டி சேலை, இந்தா எல்லா வத்தையிலயும் கெடக்கு, நீ கட்டுனது ஒரு துண்டுன்னு அவளுக்கு ஒறைக்கணும். அம்புட்டுத்தான் நெனச்சேன். அதுக்கப்புறம் நடந்தது நான் நெனச்சதில்ல.

நான் பாக்கல. கரையில நின்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அங்கம்மா மதினி சொன்னதுதான். எங்க ஊர்க்காரவுக நடுப்பார்ல போயி நங்கூரம் போட, களிமுனை வத்தைங்க ஒத்தைத் துணியோட வருது. பாத்தா இங்க பதினொரு துணி. ராக்காயி எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டாளாம், "ஏலே, எது நெசத்துணி?"ன்னு. அவ வத்தையில இருந்த ஒருத்தன், "நம்புராஜன் நம்மளை ஏமாத்திட்டாண்டி. ஆறு மாசமாப் பொண்டாட்டி சேலையைக் காட்டி ஏமாத்தியிருக்கான்"னு துடுப்பை வீசுனானாம். அப்புறம் யாரு யாரை அடிச்சாகன்னு இல்ல. எங்க ஊர்ல ஒருத்தருக்கு ஒரு கண்ணு போச்சு. அவங்க ஊர்ல ஒரு பொண்ணுக்குக் கால் எலும்பு மூணு துண்டு. ரெண்டு வத்தை முங்கிப்போச்சு, சாயங்காலம் கரையில நாலு வத்தையைக் கொளுத்துனாக. பாலத்து மேல போலீஸ் கூடாரம் போட்டாக. இன்னிக்கும் இருக்கு. அவங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் வர்றதில்ல. எங்களுக்கு அவங்க கிணத்துத் தண்ணி கிடையாது, லாரி வருது, வந்தா வந்துச்சு. நடுப்பார் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு தடை. பாசி இப்ப நல்லா வளந்திருக்கும். எடுக்கத்தான் ஆளில்ல.

முன்னாடி ஒரு சீட்டு காலியாச்சு, வேணும்னா நீங்க அங்க உக்காருங்க. இல்ல, இருக்கீங்களா? சரி. இது பார்த்திபனூர் தானே? கொஞ்சம் புள்ளையைப் புடிங்க, தோள்பட்டை இறுகிப்போச்சு.

அவுக மறுநாள் தூத்துக்குடியில இருந்து வந்தாக. வந்து எறங்குனதும் போலீஸ் கூட்டிட்டுப் போயிருச்சு. எங்க வாசல்ல வச்சுத்தான் கேட்டாரு இன்ஸ்பெக்டர்.

"யோவ், இந்தத் துணி யாரு குடுத்தது? ஊரே உம்பேரைச் சொல்லுது."

அவுக அந்தத் துண்டைக் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாக. ஓரத்துல பல்லுக்கடி இருக்குல்ல, அதைப் பாத்தாக. அப்புறம் என்னயப் பாத்தாக. நான் கதவுக்குப் பின்னாடி புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு நின்னேன்.

"நான்தான் குடுத்தேன் சார்"னாக.

"ஊர்ல இல்லேங்கிற?"

"போறதுக்கு முன்னாடி கிழிச்சு வச்சிட்டுப் போனேன் சார்."

யோசிச்சுப் பாருங்க அக்கா. செய்யாததை ஒருத்தர் ஏன் ஒத்துக்கணும்? எனக்கு அன்னிக்கே வெளங்கிருச்சு. வாசல்ல நின்ன ஜீப்புல அதுக்கு முன்னாடியே ராக்காயியை ஏத்தி உக்கார வச்சிருந்தாக. அவ உள்ள போறான்னு தெரிஞ்சுதான் இவுகளும் போனாக. வேற என்ன காரணம் இருக்கும்?

ஜெயில்ல ஒருதடவை போயிப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என்ன கேட்டாக தெரியுமா? சாப்பிட்டியான்னு கேக்கல. "சேலை மிச்சம் இருக்கா?"ன்னாக. இருக்குன்னேன். "எரிச்சிரு. ஒரு நூல்கூட வீட்டுல இருக்கக்கூடாது. யார் கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு"ன்னாக. என் வளைகாப்புச் சேலையை எரிக்கணுமாம். அவ கையில இருந்த துண்டு மட்டும் ஒலகத்துல இருக்கணும்போல. நான் எரிக்கல. இந்தா, புள்ளைக்குச் சுத்திக் கொண்டுட்டுப் போறேன். ரெண்டு பேரு கண்ணுலயும் படட்டும்.

என்ன கேட்டீங்க?

அவுகளுக்குத் தெரியுமாவா? நான்தான் கிழிச்சேன்னா?

தெரியும். தெரியாம என்ன. சாவி என் தாலிக்கயித்துல கெடக்கு. பல்லுக்கடியைப் பாத்தாகளே. விரல்துணி கிழிக்கிறப்ப நான் எப்பவும் பல்லால கடிச்சுத்தான் ஆரம்பிச்சுக் குடுப்பேன், அவுக மிச்சத்தை இழுப்பாக. அந்தக் கடி அவுகளுக்குத் தெரியாதா.

அப்ப ஏன் எம்பேரைச் சொல்லலைங்கிறீங்களா? ஏன்னா... புள்ளை பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதான் அவுக பாத்துக்கிட்டே நின்னாக.

இல்ல. நீங்க அவுக பக்கம் பேசுறீங்க. குடுங்க புள்ளையை.

புள்ளை தூங்கிட்டா. மானாமதுரை தாண்டியாச்சா? பாலம் பாத்தேன். ஆத்துல ஒரு சொட்டு இல்ல. இங்கயும் தண்ணிக்கு அடிதடி இருக்கும், இல்ல?

போன வாரம் வக்கீலைப் பாத்தேன். அவரு சொல்றாரு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ரெண்டு ஊரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசப் பாக்கிறாக, களிமுனைக்காரவுக வரமாட்டேங்கிறாக. நம்புராஜன் ஏமாத்திட்டான், இனிமே அவன் ஊரோட துணியும் வேண்டாம் முறையும் வேண்டாம்னு. "அவரு குடுக்கல, வேற ஆளு குடுத்ததுன்னு எழுத்துல வந்தா கேசும் எளகும், களிமுனையும் எளகும். ஆனா அவரு வாயைத் திறக்கமாட்டேங்கிறாரு. உனக்கு ஏதாச்சும் தெரியுமாம்மா?"ன்னாரு. நான் தரையைப் பாத்தேன்.

நேத்து அவுக போன் பண்ணாக. அந்த ராக்காயிகூட நம்ப மாட்டேங்கிறாளாம், அவுக ஏமாத்தியிருப்பாகன்னு. ஊரே சொல்லுது, அவுகளே ஒத்துக்கிட்டாக, இவ மட்டும், "தம்பி நீ செஞ்சிருக்கமாட்ட. யாரையோ மறைக்கிற"ங்கிறாளாம். அதைச் சொல்றப்ப அவுக குரல்ல ஒரு சந்தோசம் அக்கா. ஒலகத்துல அவுகளைத் தெரிஞ்சது நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அதனாலதான் இன்னிக்குப் பஸ் ஏறுனேன்.

சரி, இப்ப ஒண்ணு நெனச்சுப் பாக்கிறேன், சொல்றேன் கேளுங்க. நான் எதுத்த டீக்கடையில நிக்காம, நேரா ஸ்டேசனுக்குள்ள போறேன்னு வச்சுக்குவோம். இந்தத் துணியை எடுத்து மேசையில வைக்கிறேன். இதுல இருந்து கிழிச்சதுதான், நான்தான் கிழிச்சேன், பல்லைப் பாத்துக்கோங்கன்னு சொல்றேன். என்ன ஆகும்? அவுக மேல கேசு எளகும். அவுக ஊருக்கு வந்துருவாக. தெனம் பத்தரை மணிக்கு அவ ஒத்தையில நின்னு நோட்டுல அமுக்கிக்கிட்டுக் கெடக்கட்டும். அவ பேருக்குப் பக்கத்துல எடம் காலி. அதுக்காகவாச்சும் சொல்லணும், இல்லியா?

ஆனா அப்ப அந்தக் காலி எடத்துல எம்பேருல்ல வரும்.

ஆமா. கேசு எம்மேல வந்தா, நான்ல இவளைத் தூக்கிட்டு மதுரையில தங்கணும். தெனம் அவ பக்கத்துல நிக்கணும். அவ சும்மா இருப்பாளா, புள்ளை மெலிஞ்சிருச்சும்பா, என்னத்தைத் தின்னம்பா. எங்கயாச்சும் பால்சுறா தேடி வாங்கிட்டு வந்தாலும் வருவா. என் மூஞ்சியை நேராப் பாத்து, நீதானா தாயி அதுன்னு கேப்பா. நான் என்ன சொல்ல? ஒரு வருசம் யாரும் என் விரல்ல துணி சுத்தலைன்னா சொல்ல முடியும்?

சிலைமான் வந்துருச்சா. அப்ப இன்னும் கொஞ்ச தூரந்தான்.

ஒண்ணு சொல்லட்டுமா அக்கா, சிரிக்கக்கூடாது. அவ எம்புட்டு முங்கினாலும், எம்புட்டுப் பேசுனாலும், அந்த நோட்டுல அவ கைநாட்டு. அவுகதான் சொன்னாக, தெனம் கட்டைவிரலை மைப்பெட்டியில உருட்டித் தேய்ச்சு, அப்புறம் சேலையில தொடைப்பாளாம். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. நாகஜோதின்னு முழுசா எழுதுவேன். அவ பக்கத்துல நின்னு, அவ பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, ஒரு எழுத்து விடாம எழுதுவேன்.

இவளைக் கொஞ்சம் புடிங்க. துணியை உருவி மடிச்சு வச்சுக்கிறேன். பின்கொசுவத்துல சொருகுனா கசங்கிரும், பையில வைக்கிறேன்.

உங்ககிட்ட பேனா இருக்குமாக்கா? ஸ்டேசன்ல கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கிற பேனா எழுதவே எழுதாதாம்.